என் கணவரும் இரட்டைக்குழல் துவக்கும்

1

நேற்றுக் காலை இவருடைய செம்மஞ்சள் மேற்சட்டையைத் தோய்த்துப் பல்கனியில் காயப்போட்டேன். மொன்றியலில் செம்மஞ்சள் நிறம் கண்ணில் பட்டால் எங்கோ வீதி தோண்டுகிறார்கள் என்று அர்த்தம். கீழ்வீட்டுக் கிரேக்க அம்மா அண்ணாந்து பார்த்து, "உன் புருஷன் மாநகரசபையில் சேர்ந்துவிட்டாரா? எங்கள் தெருப் பள்ளத்தை எப்போது மூடுவார்?" என்று கேட்டாள். இல்லை, இது மான் வேட்டைக்குப் போகிறவர்கள் போடுகிற சட்டை, மான் என்று நினைத்து ஒருவரை ஒருவர் சுட்டுவிடாமல் இருக்க, என்றேன். அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்களும் சிலுவை போடுவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சட்டை எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. அதனோடு வரவிருந்த துவக்கு வந்ததா இல்லையா என்பதுதான் கதை. அது என்னுடைய ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

என் கணவர் மரியதாஸ் மன்னார்க்காரர். நான் திருகோணமலை. இருவரும் சந்தித்ததும் கலியாணம் கட்டியதும் இங்கேதான். சென்ட் லோரன்டில், பேருந்துத் தரிப்புக்கு எதிரே, மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். அவர் விமானச் சில்லு மடங்கும் பகுதிக்கான உருக்குத் துண்டுகளைக் கடைகிற தொழிற்சாலையில் வேலை செய்கிறார். நான் கார்டெரியில், அதாவது ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பார்க்கிற இடத்தில்.

எங்கள் கார்டெரியில் துவக்கு விளையாட்டுக்குத் தடை. பொம்மைத் துவக்கு ஒன்றுகூடக் கிடையாது. அதனால் என்ன, பாண் துண்டை மூலையில் இரண்டு கடி கடித்தால் பிஸ்டல் தயார். வாழைப்பழம் உரிக்கும்வரை பிஸ்டல், உரித்த பிறகுதான் பழம். எந்தப் பிள்ளை வீட்டில் என்ன படம் பார்க்கிறது என்பதை அது பாணைக் கடிக்கிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். விண்வெளிப் படம் பார்க்கிற பிள்ளை குழலை நீளமாக விட்டுக் கடிக்கும். கடற்கொள்ளையர் படம் பார்க்கிற பிள்ளை கைப்பிடியை வளைத்துக் கடிக்கும். நான் போய், "ஆயுதத்தைச் சாப்பிடு" என்று பிரெஞ்சில் சொல்ல வேண்டும். அதுதான் என் உத்தியோகம்.

நாள் முழுக்க இப்படி ஆயுதம் களைந்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் ஐம்பத்துமூன்று வயதில் ஒரு பிள்ளை துவக்குக் கேட்டு நிற்கும் என்று யார் நினைத்தார்கள்?

2

இவருடைய தொழிற்சாலையில் நவம்பர் மாதம் ஒரு கிழமை ஆட்கள் பாதியாகக் குறைந்துவிடுவார்கள். கியூபெக்காரர் எல்லாம் மான் வேட்டைக்கு லீவு போட்டுவிட்டுக் காட்டுக்குப் போய்விடுவார்கள். மிஞ்சுகிறவர்கள் தமிழர், ஹெயிட்டிக்காரர், அல்ஜீரியர். வேட்டைக்குப் போனவர்கள் திரும்பி வந்தபிறகு, அடுத்த நவம்பர்வரை சாப்பாட்டு மேசையில் அந்த ஒரு கிழமையைப் பற்றித்தான் பேச்சு. யார் தவறவிட்டான், யாருக்குக் குளிரில் மூக்கு விறைத்தது, யார் மரத்திலிருந்து விழுந்தான். இவர் பதினெட்டு வருடமாக அந்த மேசையில் உட்கார்ந்து, எல்லாரும் சிரிக்கும்போது சிரித்துவிட்டுச் சோற்றுப் பெட்டியை மூடிக்கொண்டு எழும்பியிருக்கிறார். இவருடைய பிரெஞ்சு இயந்திரத்துக்குப் போதும். பகிடிக்குப் போதாது.

போன வருடம் பனி உருகும் நாட்களில், பக்கத்து இயந்திரத்தில் வேலை செய்கிற ரெஜான் என்பவன் இவரைப் பார்த்து, இந்த முறை நீயும் வா என்று கூப்பிட்டிருக்கிறான். இவர் சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் வந்து நின்றார்.

"இஞ்சேரப்பா, ரெஜான் என்னை வேட்டைக்குக் கூப்பிட்டிட்டான்."

"எங்கை?"

"காட்டுக்கு."

"ஏன், காட்டிலையும் ஏதாவது மெஷின் பழுதாப் போச்சோ?"

அவர் சிரிக்கவில்லை. அந்த முகத்தை அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் கண்டிருக்கிறேன், எங்கள் மகள் பிறந்த அன்று. அதனால் பகிடியை நிறுத்திவிட்டு அடுப்பைக் குறைத்தேன்.

"போறதெண்டால் லைசென்ஸ் எடுக்க வேணும். பேந்து ஒரு துவக்கு வாங்க வேணும்" என்றார். சப்பாத்தைக் கழற்றக் குனிந்தபடி, "எந்தத் துவக்கு எண்டு நான் யோசிச்சிட்டன்" என்றார்.

3

மான் வேட்டைக்கு எந்தத் துவக்கு நல்லது என்று ரெஜானிடம் கேட்டிருக்கலாம். இணையத்தில் தேடியிருக்கலாம். இவர் ஒன்றும் செய்யவில்லை. இரவுச் சாப்பாட்டில் இரண்டு கையையும் நீட்டி, ஒரு கண்ணை மூடி, "இரட்டைக்குழல்" என்றார். மகள் நிலானி கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினாள். அவள் தலையைத் தூக்குவதே எங்கள் வீட்டில் பெரிய விஷயம்.

அது எந்தத் துவக்கு என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய படங்களில் ஊர்ப் பெரியவர் வீட்டுச் சுவரில், இரண்டு மான் தலைகளுக்கு நடுவே தொங்குமே, அது. மகள் வண்டிக்காரன் மகனை விரும்புகிறாள் என்று தெரிந்ததும் பெரியவர் அதைக் கழற்றுவார். மனைவி காலில் விழுவாள். பெரியவர் முற்றத்தில் இறங்கி வானத்தைப் பார்த்துச் சுடுவார். காகங்கள் பறக்கும். ஊர் அடங்கும். பெரியவர் முனையை ஒரு ஊது ஊதுவார். இடைவேளை.

"அந்தத் துவக்காலை ஒருத்தரும் செத்ததில்லை, பாத்தனீரே?" என்றார் இவர். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். படத்தில் பிஸ்டலால் செத்திருக்கிறார்கள், கத்தியால் செத்திருக்கிறார்கள், ஒரு வசனத்தால்கூடச் செத்திருக்கிறார்கள். பெரியவரின் இரட்டைக்குழலால் காகம்கூடச் சாகவில்லை.

இவர் அந்தப் படங்களைப் பார்த்தது மன்னாரில், சண்டைக் காலத்தில். மின்சாரம் கிடையாது. யாராவது ஒருவர் வளவில் ஜெனரேட்டரும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவார்கள். ஊரே பாயோடு போய்க் குந்தியிருக்குமாம். படத்தில் வெடிச்சத்தம் கேட்டால் அப்படியே இருப்பது, வெளியில் கேட்டால் குப்புறப் படுப்பது, இதுதான் விதி. எது எங்கே கேட்டது என்பதில் சில நேரம் சந்தேகம் வரும். ஒருமுறை வில்லன் சுட்டதற்குப் பாதிப்பேர் படுத்துவிட்டார்கள். இன்னொருமுறை வெளியே உண்மையாகவே வெடிக்க, கதாநாயகன்தான் என்று நினைத்து ஆட்கள் கைதட்டினார்களாம். இதை இவர் சொல்லும்போது நாங்கள் வயிறு நோகச் சிரிப்போம்.

எங்கள் ஆட்கள் நிஜத்தில் கண்டதைத் துவக்கு என்றார்கள். படத்தில் கண்டது துப்பாக்கி. இவர் கேட்டது இரண்டாவதை.

4

லைசென்ஸ் எடுக்க வார இறுதி வகுப்பு ஒன்று. ஒரு பள்ளிக்கூடத்து நிலவறையில், ஓய்வுபெற்ற பொலிஸ்காரர் ஒருவர் படிப்பித்தார். வெடிக்காத துவக்குகளும் பொய்த் தோட்டாக்களும். எல்லாத் துவக்கையும் தோட்டா நிரம்பியதாகவே நினை. விசையில் விரல் வைக்காதே. முனையை உன்பக்கமோ பிறர்பக்கமோ திருப்பாதே. இவ்வளவுதான் பாடம் என்று இவர் சொன்னார். இதை எங்கள் நாட்டில் கொஞ்சப் பேருக்குப் படிப்பித்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது.

எழுத்துப் பரீட்சையில் இவர் நன்றாகச் செய்தார். செய்முறைப் பரீட்சையில், அதிர்ஷ்டத்தைப் பாருங்கள், கையில் கொடுத்தது இரட்டைக்குழல். இவர் அதைத் திறந்தார், குழலுக்குள் பார்த்தார், பொய்த் தோட்டா போட்டார், சொன்ன பக்கம் குறிபார்த்தார், விசையை அழுத்தினார். டிக் என்றது. பொலிஸ்காரர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த சந்தோஷத்தில் இவர் துவக்கின் முனையை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து ஒரு ஊது ஊதினார்.

பொலிஸ்காரர் பேனையை மூடிவிட்டு, "மஸ்யூ, அங்கே ஏதாவது தூசி இருந்ததா?" என்று கேட்டாராம்.

பெயில். முனையைத் தன் முகத்துக்கு நேரே திருப்பியதற்கு மேல் ஒரு பிழை அந்தப் பரீட்சையில் இல்லை. வீட்டுக்கு வந்து, "நான் வேணுமெண்டு செய்யேல்லையப்பா, கை தானாப் போட்டுது" என்றார். பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. முதலில் சிரித்துவிட்டுப் பிறகு பாவப்பட்டேன்.

இவருக்குப் பயிற்சி கொடுக்க முன்வந்தவள் நிலானி. அவள் செஜெப்பில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய கல்லூரியில், படிக்கிறாள், துவக்குக்கு எதிரான ஊர்வலங்களுக்குப் போகிறவள். "எனக்குத் துவக்குப் பிடிக்காது. ஆனால் என்ரை அப்பா பெயிலாகிறது அதைவிடப் பிடிக்காது" என்றாள், ஏறக்குறைய முழுதும் பிரெஞ்சில். பழைய ஹொக்கி மட்டை ஒன்றை இவரிடம் கொடுத்து, பூஞ்செடிக்குத் தண்ணீர் விசிறுகிற போத்தலைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். இவர் மட்டையால் குறிபார்த்து, சுட்டு, இறக்க வேண்டும். மட்டையின் நுனி வாய்ப்பக்கம் போனால் முகத்தில் தண்ணீர். முதல் நாள் இவர் குளித்தே முடித்துவிட்டார்.

அவளுடைய தமிழ் அந்த நாட்களில் "சாப்பிட்டன்", "போறன்", "காணும்" என்ற மூன்று சொல்லில் வந்து நின்றிருந்தது. என்னிடம் வந்து, துவக்கின் இந்த இடத்துக்குத் தமிழில் என்ன என்று கேட்டாள். முனை என்றேன். பிறகு தினமும் மாலையில் விறாந்தையிலிருந்து, "முனை, அப்பா! முனை!" என்று கத்தல் கேட்கும். நான் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், இது முடியக்கூடாது என்று இருந்தது.

இரண்டாம் முறை பாஸ்.

5

லைசென்ஸ் கையில் வரும்வரை வாங்க முடியாது, பார்க்கலாம். ஒரு சனிக்கிழமை ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காயும் தக்காளியும் வாங்கிய கையோடு, ரெஜான் எங்களைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்கு வெளியே ஒரு துவக்குக் கடைக்குப் போனான். கையில் கத்தரிக்காய்ப் பையோடு துவக்குக் கடைக்குள் நுழைந்த முதல் தமிழ்ப் பெண் நானாகத்தான் இருப்பேன்.

கடைக்காரி ஜினெத், என் வயதிருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தாள். இவர் இரட்டைக்குழல் என்று சொன்னதும், "எந்தப் படம்?" என்று கேட்டாள்.

நான் திகைத்துப் போனேன். அவள் சிரித்தாள். இந்தக் கடையில் யாரும் துவக்கைப் பார்த்துத் துவக்கு வாங்குவதில்லை, மதாம், என்றாள். அவளுடைய தகப்பன் காலத்தில் வந்தவர்களுக்கெல்லாம் கௌபோய் வைத்திருக்கிற, கீழே பிடியை இழுத்து ஏற்றுகிற துவக்கு வேண்டுமாம். பிறகு பொலிஸ் படங்கள் வந்தன, எல்லாருக்கும் கறுப்பு நிறம் வேண்டும். வில் வைத்திருக்கிற பெண்ணைப் படத்தில் காட்டினார்கள், அந்த வருடம் பெண்பிள்ளைகள் வரிசையில் நின்று வில் வாங்கினார்கள். பெரிய பிஸ்டல் கேட்டு வருகிறவர்களும் உண்டு, பிஸ்டல் விற்பனை இப்போது தடை என்று சொன்னால், அப்படியானால் படத்தில் எப்படி வைத்திருக்கிறான் என்று சண்டை பிடிப்பார்களாம். இப்போதைய பையன்கள் கணினி விளையாட்டில் வருகிற பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். அவளுக்கு அந்தப் பெயர்கள் ஒன்றும் தெரியாது. தன் மகனைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்பாளாம்.

"மானுக்குப் படம் தெரியாது. அதனால் பிரச்சினையில்லை" என்றாள்.

ரெஜான் தொண்டையைச் செருமினான். "உன்னுடையது எது?" என்று நான் கேட்டேன். அவன் காது சிவந்தது. கௌபோய்த் துவக்கு. பத்து வயதில் தகப்பனோடு திறந்தவெளித் திரையில் பார்த்த படம். அவனுடைய நண்பன் லூக், மறைந்திருந்து சுடுகிறவன் வருகிற படத்தைப் பார்த்துவிட்டு, துவக்கின்மேல் முழங்கை நீளத்துக்கு ஒரு தூரநோக்கி பூட்டியிருக்கிறானாம். அதற்குள்ளால் பார்த்தால் இரண்டு மைல் தூரத்து இலை தெரியும், முன்னால் நிற்கிற மான் தெரியாது.

ஜினெத் இரட்டைக்குழல் ஒன்றை எடுத்துத் திறந்து காட்டி இவர் கையில் கொடுத்தாள். இவர் முனையைச் சுவர்ப்பக்கம் வைத்து வாங்கினார். கால்களை அகட்டி நின்றார். விலைக்கழிவில் வாங்கிய ஜக்கெட்டும் சோற்றுத் தொப்பையுமாக நின்ற என் மனுஷனின் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன். நெல்வயல், பத்து வேலையாள், பயந்த ஊர் எல்லாம் பின்னால் நிற்பதுபோல ஒரு பார்வை. நன்றாக இருந்தார். அதைப் பார்க்க முடியாமல் நான் கத்தரிக்காய்ப் பையோடு வாசலுக்குப் போய் நின்றேன்.

6

விண்ணப்பத்தில் மனைவியின் கையொப்பத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. இவர் பேனையோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் போடவில்லை.

"என்னப்பா, வகுப்புக்குப் போகேக்கை பேசாமல் இருந்தீர். கடைக்கும் வந்தீர்."

"பாக்கத்தான் வந்தனான். வீட்டுக்குக் கொண்டு வாறதுக்கு வரேல்லை."

"பூட்டித்தான் வைப்பன். தோட்டா வேறை இடத்திலை. சட்டம் இருக்கு."

"சட்டம் எனக்குத் தெரியும். துவக்கும் தெரியும்."

திருகோணமலையில் எங்கள் வீட்டுக்குத் துவக்குகள் வந்திருக்கின்றன. எல்லாம் ஆட்களோடு வந்தவை, கதவைத் தட்டாமல் வந்தவை. எந்த உடுப்புப் போட்டவர்கள் கொண்டுவந்தார்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. அம்மா எல்லாருக்கும் ஒரே மாதிரித் தேத்தண்ணி வைத்தார். எல்லாருக்கும் கொடுக்கும்போது கோப்பை ஒரே மாதிரி ஆடியது. துவக்கைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவர்கள் குடிப்பார்கள். என் தம்பி எங்கே என்று கேட்பார்கள். துவக்கு சாய்ந்த இடத்தில் சுவரில் எண்ணெய்க்கறை ஒன்று இருந்தது. எவ்வளவு வெள்ளையடித்தும் அது போகவில்லை. குளிர்கால மேற்சட்டைகள் தொங்குகிற என் அலுமாரிக்குள், கதவைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு துவக்கை நான் பார்க்க வேண்டுமா?

"அது வேறை துவக்கு, இது வேறை" என்றார் இவர்.

"அது துவக்குக்குத் தெரியுமே?"

கோபித்துக் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பேனையை எடுத்துச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, என் கையொப்பம் இல்லாமலே அனுப்பினார். அன்றிலிருந்து வேட்டை என்ற பேச்சை எடுக்கவில்லை. வேலையில் ரெஜான் கேட்டால், இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் அறிந்தேன். அந்த மேசையில் அவர் பழையபடி சும்மா சிரித்துவிட்டு எழும்பப் போகிறார், அதற்குக் காரணம் நான். அதுவும் எனக்கு நித்திரையைக் கெடுத்தது.

7

கையொப்பம் இல்லாவிட்டால் அரசாங்கம் தொலைபேசி எடுக்கும். எனக்கு எடுத்தது கார்டெரியில் பிள்ளைகள் மதிய நித்திரை கொள்கிற நேரம். இருட்டு அறை, பாய் பாயாகப் பிள்ளைகள், ஒருவர் எழும்பினால் எல்லாரும் எழும்புவார்கள்.

"போன்ஜூர், மதாம். உங்கள் கணவரின் துவக்கு லைசென்ஸ் விஷயமாகப் பேசுகிறேன்" என்றது ஒரு பெண்குரல்.

"போன்ஜூர்" என்றேன் கிசுகிசுப்பாக.

குரல் மாறியது. "மதாம், ஏன் கிசுகிசுக்கிறீர்கள்? உங்கள் கணவர் பக்கத்தில் இருக்கிறாரா?"

"இல்லை, இல்லை."

"சுதந்திரமாகப் பேச முடியாவிட்டால், 'ஆம்' என்று மட்டும் சொல்லுங்கள்."

இன்னும் ஒரு நிமிடம் கிசுகிசுத்திருந்தால் தொழிற்சாலை வாசலில் பொலிஸ் வண்டி போய் நின்றிருக்கும். ஓடிப்போய்ப் பிள்ளைகளின் கழிப்பறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினேன். முழங்கால் உயரத்துக் கழிப்பறைக் கிண்ணம் ஒன்றின் மூடியில் உட்கார்ந்துகொண்டுதான் கனடா அரசாங்கத்தோடு பேசினேன்.

கணவரிடம் பயமா என்று கேட்டாள். அவருக்குத்தான் என்னிடம் பயம் என்றேன். கோபக்காரரா? வீட்டில் சிலந்தி வந்தால் கடதாசியில் ஏந்திக்கொண்டு மூன்று மாடி இறங்கிப்போய் வெளியே விட்டுவிட்டு வருகிறவர் என்றேன். அப்படியானால் ஏன் கையொப்பம் போடவில்லை?

எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அந்த மனுஷனில் எனக்கு முழு நம்பிக்கை, அந்தச் சாமானில்தான் நம்பிக்கையில்லை. பிறகு நிறுத்த முடியவில்லை. சுவர், எண்ணெய்க்கறை, தேத்தண்ணி எல்லாம் சொன்னேன். மறுபக்கத்தில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

"மதாம்," என்றாள் அவள் மெதுவாக, "நீங்கள் விரும்பிய பதிலைச் சொல்லலாம். அவசரமில்லை. நான் காத்திருக்கிறேன்."

அந்தச் சின்னக் கிண்ணத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று எனக்கு உறைத்தது. என் வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு துவக்கு வருவதற்கு முன்னால், வரலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். அம்மாவிடம் யாரும் கேட்டதில்லை. நான் வேண்டாம் என்றால் வராது. அந்த எண்ணமே மனதுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அவளை வேண்டுமென்றே கொஞ்ச நேரம் காக்க வைத்தேன். வெளியே ஒரு பிள்ளை இருமியது.

"எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றேன். "ஆனால் அது என் வீட்டுக்குள் வராது."

அது நீங்கள் இருவரும் பேசித் தீர்க்க வேண்டியது, மதாம், என்றாள். சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

மாலையில் இவரிடம் சொன்னேன். துவக்கு ரெஜான் வீட்டு இரும்பு அலுமாரியில் இருக்க வேண்டும், காட்டுக்குப் போகும்போது எடுக்கலாம், வரும்போது வைத்துவிட்டு வர வேண்டும். இவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீர் சொன்னால் சரி" என்றார். அப்படித்தான் செம்மஞ்சள் சட்டை மட்டும் வீட்டுக்கு வந்தது.

8

நவம்பரில் போனார். ரெஜான், லூக், இவர். வடக்கே மலைப்பக்கம், ஏரிக்கரையில் மரக்குடில். போவதற்கு முந்திய வாரம் சுட்டுப் பழகுவதாக இருந்தது, விடாத மழையில் அது நடக்கவில்லை. ஆகவே லைசென்ஸ் எடுத்து, துவக்கு வாங்கி, காட்டுக்குள் போய் நிற்கும்வரை இவர் ஒரு நிஜ வெடிகூடக் கேட்கவில்லை. எனக்கு அது அப்போது தோன்றவில்லை. இவருக்கும் தோன்றவில்லை.

கிழமை முடிவில் இறைச்சிப் பையோடு வந்து இறங்கினார்கள். ரெஜான் வாசலில் நின்றபடி சொன்னான். இவர் பின்னால் நின்று சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல்நாள் விடிய, மூவரும் மரங்களுக்கிடையில் நின்றிருக்கிறார்கள். மான் வந்தது. ரெஜானுக்கு நேரே வந்ததால் அவன்தான் சுட்டான், குறி தவறியது. சுட்டுவிட்டுத் திரும்பினால் மரியதாஸைக் காணவில்லை. கீழே இருக்கிறார். சருகுக்குள் முகம் புதைத்து, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, குப்புறப் படுத்திருக்கிறார்.

"இத்தனை வருட வேட்டையில் ஒரு மனிதன் அவ்வளவு வேகமாகக் கீழே போனதை நான் பார்த்ததில்லை" என்றான் ரெஜான்.

"துவக்கு?" என்று கேட்டேன்.

துவக்கைப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் படுத்திருக்கிறார், முனை அந்தப் பக்கம் பார்க்க. நிலானி கொடுத்த பயிற்சி வீண்போகவில்லை.

லூக் முதலில் சிரித்திருக்கிறான். ரெஜானும் சிரிக்க வாயெடுத்தானாம். பிறகு இவர் தலையிலிருந்து கையை எடுக்காததைப் பார்த்தான். என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. எழும்பு என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் தன் கௌபோய்த் துவக்கைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெரிய உடம்போடு இவர் பக்கத்தில் தானும் குப்புறப் படுத்திருக்கிறான். லூக்கும் பார்த்துவிட்டு வந்து படுத்தானாம். ஈரச் சருகு, மூன்று செம்மஞ்சள் முதுகுகள். மான் ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து ரெஜான் கேட்டிருக்கிறான், "மரியா, எப்போது எழும்பலாம்?"

"அடுத்தது வரவில்லை என்றால் எழும்பலாம்" என்றாராம் இவர், நிலத்தைப் பார்த்தபடியே.

மூவரும் காத்திருந்தார்கள். அடுத்தது வரவில்லை. எழும்பினார்கள்.

நான் அழுதேன். வாசலில் நின்று, ரெஜானின் கையைப் பிடித்துக்கொண்டு, இறைச்சிப் பையிலிருந்து இரத்தம் என் காலில் சொட்டச் சொட்ட நின்று அழுதேன். ரெஜான் மெர்சி, மெர்சி என்று சொல்லிக்கொண்டிருந்தான். எதற்கு நன்றி சொன்னான் என்று தெரியாது.

அந்த இறைச்சி இரண்டாம் நாள் லூக் சுட்டது. இலையைத் தவிர வேறு ஒன்றைத் தூரநோக்கிக்குள் கண்டுவிட்டான். அந்த நாளிலிருந்து அவர்களுக்குள் ஒரு பழக்கம். காட்டில் பேசக்கூடாது. ஆகவே சுடுவதற்கு முன்னால், சுடுகிறவன் இவர் தோளில் ஒரு தட்டு தட்ட வேண்டும். தட்டினால் இவர் படுப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். முன்கூட்டியே தெரிந்தால் ஒன்றும் செய்யாது என்கிறார். தட்டுவதற்குள் மான் ஓடிவிடுவதும் உண்டு. ரெஜான் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. இவருடைய இரட்டைக்குழல் இன்றுவரை ஒன்றையும் சுடவில்லை, வானத்தைக்கூட.

சாப்பாட்டு மேசையில் இப்போது மூன்று செம்மஞ்சள் முதுகுகளின் கதைதான் ஓடுகிறதாம். சொல்வது இவர். பிழையான பிரெஞ்சில், எழும்பி நின்று, கையைக் காலை ஆட்டி. எல்லாரும் சிரிக்கிறார்கள், இவரும் சிரிக்கிறார்.

9

போன ஞாயிறு, டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போய்விட்டு வந்து, மூவரும் தொலைக்காட்சிக்கு முன்னால் விழுந்து கிடந்தோம். பழைய தமிழ்ப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பெயர் ஞாபகமில்லை. மகள் வண்டிக்காரன் மகனை விரும்பிவிட்டாள். பெரியவருக்குத் தெரிந்துவிட்டது.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்ப பாரும், கழட்டப் போறார்" என்றார் என்னிடம்.

பெரியவர் சுவரிலிருந்து இரட்டைக்குழலைக் கழற்றினார். மனைவி காலில் விழுந்தாள். பெரியவர் முற்றத்தில் இறங்கினார், வானத்தைப் பார்த்துத் தூக்கினார்.

இவருக்கு அந்தப் பக்கத்தில், கைபேசியில் யாருக்கோ பிரெஞ்சில் எழுதிக்கொண்டிருந்த நிலானி, கண்ணை எடுக்காமலே ஒரு கையை நீட்டி அப்பாவின் தோளில் ஒரு தட்டு தட்டினாள்.

பெரியவர் சுட்டார். காகங்கள் பறந்தன.

"இது படம்தானே, பிள்ளை" என்றார் இவர்.

"தெரியும்" என்றாள் அவள், தமிழில். கையை எடுக்கவில்லை.